மாத்திரையை நிறுத்திய மதினி

எடை குறைந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நோயாளிகளால் ஊருக்குத் தொந்தரவு இல்லை, நோய் தீர்ந்தவர்களாலும் இல்லை. மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தவர் இருக்கிறாரே, அவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார், தன் இலையை விட்டுவிட்டு உங்கள் இலையையே பார்ப்பார், இரண்டாவது அப்பளத்தை நீங்கள் தொட்டதும், "அது பூராம் மாவு, தெரியும்ல?" என்று காதோரம் சொல்வார். அப்பளம் மாவு என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் கை நின்றுவிடும்.

இந்த இனத்தில் நான் மிகக் கிட்டத்தில் பார்த்தவர் பொன்னுத்தங்கம் மதினி. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் ராம்குமார் அண்ணனின் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்னால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று டாக்டர் ஐஸ்வர்யா கண்டுபிடித்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். மதினி ஒழுங்காகப் போட்டு வந்தார். சோர்வு போனது, எடை மட்டும் போகவில்லை. "தைராய்டு உடம்புல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னது அவருக்குக் குத்தியது. தீபாவளிக்கு மறுநாள் சோற்றை விட்டார்.

செல்போனில் ஒரு கீட்டோ குழு. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு விலக்கு. முட்டை, கறி, நெய், வெண்ணெய் அனுமதி. பருப்பும் ஆகாது. மூன்று தலைமுறையாகப் பருப்பு விற்றுக் கட்டிய வீட்டின் நடுக்கூடத்தில் நின்று "பருப்பு விஷம்" என்று மதினி அறிவித்தபோது அண்ணன் போனில் துவரை மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்தி, "மெதுவாச் சொல்லு, லைன்ல பார்ட்டி இருக்கு" என்றார்.

தை பிறப்பதற்குள் ஒன்பது கிலோ போனது. அதை மறுக்க முடியாது. மதினி ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தார், நடையில் ஒரு துள்ளல் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். இந்த இனம் விடுமா? பால்காரருக்கே வெண்ணெயின் பெருமையை விளக்கினார். எண்ணெய்ப் பரோட்டாக் கடை வாசலில் நின்ற என்னை, போகிற ஆட்டோவை நிறுத்தி இறங்கிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார். "எண்ணெய் நல்லதுதான் தம்பி, பரோட்டாதான் கெட்டது" என்றார். அப்படியானால் எண்ணெயை மட்டும் குடிக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை கரண்டி என்று சொல்லியிருப்பார்.

அவருக்குக் கிடைத்த முதல் சீடர் வேலுத்தாய். ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த விருதுநகருக்கே வந்து, மதினி வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தவர். அவருக்கும் அதே தைராய்டு. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் வாங்குவார்.

"வேலுத்தாயி, நீ இன்னுமா அந்த மாத்திரையப் போடுற?"

"ஆமாக்கா."

"நோயோட வேரு சோத்துல இருக்கு. சோத்தக் கொறச்சுட்டு மாத்திரைய நிறுத்திப் பாரு."

வேலுத்தாய் அடுப்பைத் தணித்துவிட்டு, "சரிக்கா" என்றார்.

சம்பளம் கொடுப்பவரிடம் சொல்லப்படும் "சரிக்கா"வுக்குப் பல பொருள் உண்டு. மதினி தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வேலுத்தாயைக் கவனித்தார். சோர்வு இல்லை, வீக்கம் இல்லை, ஒரு நாள் லீவு இல்லை. குழுவில் எழுதினார்: "எங்கள் வீட்டில் ஒருவர் மாத்திரையை நிறுத்தி ஐம்பது நாள் ஆகிறது. முன்னைவிடச் சுறுசுறுப்பு." கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. அந்தத் தைரியத்தில் பங்குனி முதல் தேதி மதினி தன்னுடைய மாத்திரையையும் நிறுத்தினார். டாக்டரைக் கேட்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் விருதுநகர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டும். அந்த வெயிலில் மதினி ஸ்வெட்டர் போட்டார். முடி கொட்டியது, குரல் கனத்தது, காலையில் முகம் ஊதியிருந்தது, போன ஒன்பது கிலோவில் நாலு திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் குழுவில் பதில் இருந்தது. குளிர்கிறதா? உடம்பு கொழுப்புக்குப் பழகுகிறது. முடி கொட்டுகிறதா? புது முடி வரப்போகிறது. எடை ஏறுகிறதா? வெண்ணெய் போதவில்லை. தப்பு எப்போதும் சாப்பிடுகிறவர் மேல்தான்.

"ஏன் ஒரு மாதிரியா இருக்க? டாக்டரப் பாப்பமா?" என்று அண்ணன் கேட்டார்.

"உடம்பு சுத்தமாகுது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்."

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் பருப்பின் மதிப்பே போயிருந்தது, பருப்பு விற்கிறவர் பேச்சுக்கு என்ன மதிப்பு?

வைகாசியில் காரியாபட்டியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மதினி ஸ்வெட்டரும் முட்டை டப்பாவுமாக முதல் வரிசையில் உட்கார்ந்தவர், அப்படியே தூங்கிவிட்டார். கெட்டிமேளம் கொட்டியபோதும் விழிக்கவில்லை. அண்ணன் தோளை உலுக்கியதும் கண் திறந்து ஏதோ சொன்னார்; வார்த்தை ஒவ்வொன்றும் இழுத்து இழுத்து வந்தது. எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்தார். மறுபக்கம் நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் புழுக்கத்தில் அவர் கை ஜில்லென்று இருந்தது. ஆறு மாதமாக அவரைக் கேலி பண்ணிய நான் மண்டப வாசல்வரை அந்தக் கையை விடவில்லை.

நேராக டாக்டர் ஐஸ்வர்யாவிடம் கொண்டுபோனோம். நாடி மெதுவாக ஓடுகிறது என்று அங்கேயே படுக்க வைத்தார். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைத் தாளோடு அவர் வந்தபோது, தூக்குச்சட்டியோடு வேலுத்தாயும் வந்து நின்றார்.

"மாத்திரை போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நிறுத்தி ரெண்டரை மாசமாச்சு" என்றார் மதினி. "அது இல்லாமலே இருக்கலாம் டாக்டர். இந்தா நிக்கிறாளே வேலுத்தாயி, இவ தையிலயே நிறுத்திட்டா. எப்படி இருக்கா பாருங்க."

வேலுத்தாய் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "நான் நிறுத்தலக்கா."

"என்னது?"

"ஒரு நாக்கூட நிறுத்தல. விடியக்காலம் எந்திரிச்சதும் போட்டுட்டுத்தான் வேலைக்கு வாரேன்."

"சரின்னு சொன்னியே."

"நீங்க சொல்லும்போது வேற என்னத்தச் சொல்ல?" வேலுத்தாய் ஓர் அடி முன்னால் வந்தார். "என்ன நோயின்னு தெரியாத காலத்துல கம்பெனில வெடிமருந்து முன்னால உக்காந்தபடியே தூங்கிட்டேன்க்கா. போர்மேன் பாத்துட்டு அன்னைக்கே வெளிய அனுப்பிட்டாரு. அங்கன ஒரு ஆள் கண்ணசந்தா எம்புட்டுப் பேரு போவாகன்னு எனக்குத் தெரியும். அந்த மாத்திரைய நான் எப்படி விடுவேன்? என்னையப் பாத்து நீங்களும் விடுவீகன்னு சத்தியமா நெனைக்கல. நெனச்சிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மதினி கோபப்படுவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் வேலுத்தாயைக் கிட்டே கூப்பிட்டார்.

"சோறாவது கொறச்சியா?"

"இல்லக்கா."

டாக்டர் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "சாப்பாட்டை மாத்தினா எடை குறையலாம். ஆனா உங்க உடம்புல சுரக்காததை இந்த மாத்திரைதான் கொடுக்குது. அந்த வேலையை வெண்ணெய் செய்யாது. எடைக்கு என்ன செய்யலாம்னு சேர்ந்தே யோசிப்போம். எங்கிட்டச் சொல்லிட்டுச் செய்யுங்க."

ஆடி பிறப்பதற்குள் ஸ்வெட்டர் பீரோவுக்குப் போனது, முகம் வடிந்தது, அளவாகப் பருப்பும் வீட்டுக்குள் வந்தது. மதினி குழுவில் ஒரே ஒரு வரி எழுதினார்: "வேலுத்தாய் மாத்திரையை நிறுத்தவே இல்லை. நான் எழுதியது தவறு." பத்தாவது நிமிஷம் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு மதினி மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான். இப்போது காலையில் வேலுத்தாய் வந்ததும் மதினி, "போட்டியா?" என்கிறார். "போட்டேன். நீங்க?" என்கிறார் வேலுத்தாய்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் இருக்கன்குடி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "மாத்திரை போட்டு எம்புட்டு நேரங்கழிச்சுக் காப்பி குடிச்சீக?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் படித்து வரும்போதே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்குமே? இந்த அம்மா கீட்டோவுக்குப் பதில் கொள்ளுக் கஞ்சி குடித்திருக்கலாம், என் நாத்தனாருக்கு அதில்தான் குணம் தெரிந்தது, என்று? தோன்றியிருந்தால் உங்களையும் அந்த இனத்தில் சேர்த்துவிட்டேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். என்னைப் பாருங்கள், சீரகத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை. காலையில் ஒரு டம்ளர், அவ்வளவுதான். எனக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கிறது.