வெள்ளரிக்காயைத் திரும்பப் பெறுகிறார்கள்

இனி இந்த வீட்டில் வெள்ளரிக்காய்க்கு இடமில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தீர்மானித்தேன். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது காய்கறிக் கடை வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ். போன வாரம் விற்ற வெள்ளரிக்காயில் கிருமி இருக்கலாமாம். சாப்பிடாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

கடைக்காரர் வெள்ளரிக்காயைத் திரும்பப் பெறுகிறார். நான் என் பழைய நாட்களைத் திரும்பப் பெற்றால் என்ன?

கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒரே அறை. ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல், இரண்டு தட்டு. அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு, விரலெல்லாம் மையோடு மாடி ஏறுவேன். பாதிப் படியிலேயே உருளைக்கிழங்கு வறுவல் மணக்கும்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்பாள் மனைவி. அதற்குள் நாலு துண்டு உள்ளே போயிருக்கும். கோபிக்க ஆரம்பித்துச் சிரித்துவிடுவாள்.

அதே மகராசியிடம் டாக்டர் போன மாதம் "தொப்பை" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து எனக்கு மூன்று வேளையும் வெள்ளரிக்காய்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பச்சையா இருக்கிற எதையும் சாப்பிடக் கூடாதாம். கடையில நோட்டீஸ் போட்டிருக்கு."

"ஐயையோ! எதையுமேவா?"

"வெள்ளரி, கோஸ், கீரை, எல்லாத்துலயும் கிருமி. மண்ணுக்கடியில விளையறதுதான் பத்திரம்."

"அப்ப முள்ளங்கி?"

"அது சந்தேகம்" என்றேன் அவசரமாக. "உருளைக்கிழங்குதான் சுத்தம். எண்ணெயில மொறுமொறுன்னு வறுத்தா எந்தக் கிருமியும் கிட்ட வராது."

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். வாணலியை எடுத்தாள்.

மணம் கூடத்துக்கு வந்தது. என் வயதில் நாற்பது வருடம் கழன்று விழுந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது.

"என்னடி இது?"

"பால் வாங்கப் போனப்பவே நோட்டீஸைப் படிச்சேங்க. மிச்சக் காயைத் திருப்பியும் குடுத்துட்டேன். சாப்பிட்டவங்க வயித்தைப் பத்திரமாப் பாத்துக்கணுமாம். நீங்கதான் அந்தக் காயை ஒரு வாரமா வேளை தவறாம சாப்பிட்டிருக்கீங்களே! எண்ணெய்ப் பலகாரம் ஆகுமா?"

"அப்ப வறுவல்?"

"நான் ஒரு துண்டு வெள்ளரிகூடத் தொடலையே!"

வறுவல் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள். முதல் துண்டு நாக்கைச் சுட்டுவிட்டது போலிருக்கிறது, "ஸ்ஸ்" என்றாள்.

அவள் தட்டு ஆறும்வரை பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தது நான்தான்.