பெருமாளுக்குப் பின்னால் போன சம்பந்தி

ஸ்ரீ
திருவள்ளூர்
மார்கழி, 2005

அண்ணா ஜனார்தனனுக்கு அம்புஜவல்லி அநேக நமஸ்காரம். வீரராகவப் பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம். சூரத்தில் உன் சௌக்கியம், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

ஸ்ரீப்ரியாவின் கல்யாணப் பத்திரிகையை நானே கம்ப்யூட்டரில் செய்கிறேன் என்றதும், உன் பெண்ணின் அதிர்ஷ்டம் என்று நீ பூரித்தது நினைவிருக்கும். போட்டோஷாப்பை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பருப்பு வேகும் நேரங்களில் நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. வீட்டுக் கணக்கு எழுதுகிற கை ஆயிற்றே, எழுத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு வைத்தேன். பெருமாள் திருநாமம் நாற்பத்தெட்டு, தாத்தாக்கள் இருபத்துநாலு, சம்பந்தி எம்பார் இருபது, நீ பதினெட்டு. பெண்ணைப் பெற்றவன் ஒரு படி சின்னதாக இருந்தால்தான் லட்சணம், கோபித்துக்கொள்ளாதே. எழுத்துக்கு நிழல் விழ வைக்கலாம் என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் வைத்தேன். மணப்பெண் பேருக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று நிற்கவும் மனசு கேளாமல் எடுத்துவிட்டேன். பின்னணியில் சயனித்திருக்கும் வீரராகவன் படம். எல்லாம் முடிந்து, படமும் பேர்களும் தனித்தனி அடுக்காக ஓரத்தில் தெரிகிற வரிசையைப் பார்க்கிறேன், பகீரென்றது. எல்லார் பேரும் மேலே, கல்யாண மண்டபம்கூட மேலே, பெருமாள் கடைசியில் கீழே! உடனே அவரை இழுத்து எல்லாருக்கும் மேலே ஏளப்பண்ணி, கண்ணை மூடிச் சேவித்தபடியே சேமித்து, சி.டி.யில் ஏற்றி அனுப்பிவிட்டேன். புதுவாயல் அச்சுக்கடை தேசப்பன், மாதிரிக்கு ஒன்று அடித்து நேரே சம்பந்தியிடம் காட்டிவிட்டார். மேல் அடுக்கு கீழ் அடுக்கை மறைத்துவிடுமாம். பேர்கள், தேதி, மண்டபம் எல்லாம் திருமேனிக்குப் பின்னால் போய், உச்சியில் திருநாமமும் அடியில் "அவசியம் வந்திருந்து ஆசீர்வதிக்கவும்" என்பதும்தான் மிச்சம்.

சம்பந்தி போனில் கத்தினார். "பத்திரிகையிலேயே எங்களுக்கு இடமில்லே, உங்காத்துல எங்க பையனுக்கு எங்கேம்மா இடம்? இந்தக் கல்யாணமே வேண்டாம்!" உடனே தேசப்பனுக்குப் போன் போட்டேன். அவரோ, "இன்னா மாமி, இதுக்குப் போயி பேஜாராய்க்கினு கீறியே. சாமிய பின்னாடி தள்ளி கொஞ்சம் மங்கலாக்கிடு, பேரெல்லாம் பளிச்சுனு வந்துரும்" என்கிறார். "பெருமாளை மங்கலாக்கறதா? வாயை அலம்பு!" என்றேன். "அப்போ கண்ணாலத்த மங்கலாக்கிடலாமா?" என்றாரே பார்க்கணும். வேறு வழி? பெருமாளிடம் அபராத க்ஷமாபணம் சொல்லி, அவரைக் கீழே இறக்கி, பளிச்சை முப்பது சதவீதமாகக் குறைத்தேன். சம்பந்தி பேரை இன்னும் பெரிசாக்கி, எழுத்துக்கு எழுத்து தாராளமாக இடம் விட்டு, நட்ட நடுவில் நிறுத்திப் புது சி.டி. அனுப்பியாயிற்று. ஆகவே நீ எதற்கும் கவலைப்படாதே. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கும்.

மன்னிக்கு நமஸ்காரம். ஸ்ரீப்ரியாவுக்குத் தாயார் தீர்க்க சௌமங்கல்யத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை அம்புஜவல்லி

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் சில நாள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதற்குள் சம்பந்தி புது மாதிரியைப் பார்த்தாராம். தன் பேர் பெருமாள் திருமார்பில் ஏறி நிற்கவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அபசாரம்! பின்னாடி ஒதுங்கியிருக்கறதுதான் எங்க பாக்கியம்" என்று பழையதையே அச்சடிக்கச் சொல்லி, இரண்டு பக்கத்து உறவுக்கும் தபாலில் சேர்த்துவிட்டார். யாருக்குக் கல்யாணம், என்றைக்கு, எங்கே என்பதை இப்போது பெருமாள் ஒருவரே அறிவார். மற்றவர்களுக்கு நீதான் போன் செய்து சொல்ல வேண்டும்.