விராலிமலையில் பெய்த பாதரசம்

கருவியை நம்பி ஆராய்ச்சி செய்கிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கருவி நம்மேல் மனஸ்தாபப்பட்டுவிடுமோ என்று பயந்து ஆராய்ச்சி செய்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

என் ஆராய்ச்சி பாதரசம் பற்றியது. நிலக்கரியை எரித்தாலும் குப்பையைக் கொளுத்தினாலும் பாதரசம் ஆவியாகி மேலே போய்விடும். போனது சும்மா இருக்காது, மாதக்கணக்கில் கடல் தாண்டி ஊர் சுற்றும் (எங்கள் பெரியப்பா மகன் மாதிரி). நம்மைப் போன்ற வெயில் நாடுகளில் இடிமேகங்கள் வெகு உயரம் எழும்பும். அந்த உயரத்தில் உருமாறி, தண்ணீரில் கரையும் பாதரசத்தை மழை கீழே இறக்கிவிடும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, விராலிமலைப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு புனலும் அதன் கீழே பாட்டிலும் வைத்திருந்தேன். மயில் வந்து உட்காராமலிருக்கப் புனலைச் சுற்றி முள்கம்பி.

"அம்மா, இதுகிட்ட வந்து மூச்சுகூட விடக் கூடாது, சொல்லிப்புட்டேன்!"

அம்மா மாடிக்கே வருவதில்லை. வடகம்கூட பக்கத்து வீட்டு மாடியில்தான் காய்ந்தது.

ஆயுத பூஜை வந்தது. பம்புசெட், மண்வெட்டி, மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அம்மா என்னிடம் வந்தார்.

"ஏத்தா, ஒன் மிஷினு மட்டும் மூளியா நிக்குது. ஒனக்குப் பரீட்சை வேற வருதுங்கிறே."

அவர் சொன்ன பரீட்சை, பல்கலைக்கழகத்தில் என் ஆய்வை எடைபோடும் கூட்டம். அதில் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"மூடநம்பிக்கைம்மா," என்று கெத்தாகச் சொல்லி அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் பரீட்சை ஞாபகம் வந்தது. வைத்தால்தான் என்ன குறைந்துவிடும்? குங்குமச் சிமிழோடு மாடி ஏறினேன். கருவியில் கை படக் கூடாது என்பது விதி. ஆகவே சுத்தமான கையுறை மாட்டிக்கொண்டு (சிரிக்காதீர்கள்), முள்கம்பி இடித்ததால் புனலின் உள்விளிம்பில், தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்ததால் ஒரு போட்டோவும் எடுத்தேன்.

சாயங்காலமே இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. பாட்டிலை மூடிப் பத்திரமாக ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

முடிவு வந்தபோது பல்கலைக்கழக விடுதியில் துள்ளிக் குதித்தேன். அம்மாடியோவ்! உலகத்துப் பாதரசமெல்லாம் எங்கள் ஊருக்கு மேல்தான் முகாமிட்டிருக்கிறது! உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இனிமே யாரும் மழையில நனையாதீங்க. விஷம்!"

"அய்யய்யோ! அப்ப மயிலெல்லாம் என்னத்தா பண்ணும்?"

அன்றிலிருந்து அம்மா தூறல் விழுந்தாலே அக்கம்பக்கத்தாரையும் வீட்டுக்குள் விரட்டியிருக்கிறார்.

கூட்டத்தில் முழங்கினேன். வெப்பமண்டல மேகங்களின் கொடூரம் பற்றி நான் பேசிய பேச்சில் எனக்கே கண் கலங்கியது. கடைசியாகத் திரை நிறையக் கருவியின் போட்டோவைக் காட்டினேன். இருந்ததில் லட்சணமான போட்டோ அதுதான்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"அந்தப் புனலுக்குள்ள செவப்பா என்னம்மா அது?"

"குங்குமம் சார்."

"யாரு வெச்சது?"

"நான்தான் சார். ஆனா கையுறை போட்டுத்தான் வெச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். சில மலிவான குங்குமங்களில் நிறத்துக்காகப் பாதரசச் சேர்மம் கலப்பார்கள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஏன், எனக்கும் தெரியும்! பொட்டு வைத்தபோது அந்த அறிவு எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

பேராசிரியர் நிதானமாகச் சொன்னார்: "பாதரசம் வானத்துல இருந்து எப்படி வருதுன்னு கேட்டோம். பூஜை ரூம்ல இருந்து எப்படி வருதுன்னு சொல்லியிருக்கீங்க."

சிமிழைச் சோதித்தார்கள். அதுவேதான். உதவித்தொகை நின்றது. அவமானத்தில் அழுதுகொண்டே ஊருக்கு வந்து, டியூஷன் எடுத்துப் பிழைத்து, அடுத்த மழைக்காலம் முழுக்க மொட்டைப் புனலோடு மறுபடி அளந்தேன். இடிமழையில் பாதரசம் நிஜமாகவே வந்தது, கொஞ்சூண்டு. அதை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன்.

இப்போது சென்னையில் வேலை. மலைக்கு மேல் மேகம் கறுத்தால் போதும், அம்மா போன் போட்டுவிடுவார்.

"ஏத்தா, இங்கிட்டு மழை வருது. உள்ள ஓடணுமா, இல்ல இந்தத் தடவை நீ எதுலயும் பொட்டு வைக்கலையா?"