எட்டுக்கு வக்காலத்து வாங்கிய எட்டண்ணன்

போடிநாயக்கனூரில் நான் குடியிருந்த ஆறு ஆண்டுகளில், எட்டு என்ற எண்ணைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் கிடையாது. டீக்கடையோ மருந்துக் கடை வரிசையோ, எங்கிருந்தாவது எட்டண்ணன் முளைத்துவிடுவார்.

ஒரு முறை சாவு வீட்டிலேயே முளைத்தார். மாலையோடு வந்தவர் காதில், யாரோ ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டபடி சொன்னது விழுந்தது: “எட்டாந்தேதில்ல, அதான் கூட்டிட்டுப் போயிருச்சு.” எட்டண்ணன் மாலையைப் போட்டார், கும்பிட்டார், திரும்பினார்.

“இவருக்கு என்ன வயசு?”

“எண்பத்தெட்டு.”

“ரெண்டு எட்டு ரெண்டு பக்கமும் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னதுனாலதான் இம்புட்டு நாள் இருந்தாரு. நன்றி இல்லாமப் பேசக் கூடாது.”

அழுதுகொண்டிருந்த மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துக்கத்தாலா சிரிப்பாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அங்கே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விபரீத ஆசை வந்து விசாரித்தபோது, எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். போடிமெட்டுக்குப் போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் ஒரு காலி மைதானம். தகரப் பலகையில் ‘எட்டுத்திக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி’ என்று எழுதியிருக்கும். தினமும் காலையில், அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டு, ஐம்பது வயது ஆள் ஒருவர் சாமியைச் சுற்றுகிற பக்தியோடு நடந்து தரையில் ஒரு பெரிய எட்டு போட்டுக்கொண்டிருப்பார். லைசென்ஸ் வாங்க அந்த எட்டுக்குள் கால் ஊன்றாமல் வண்டியை வளைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்ற பயிற்சிப் பள்ளிகளில் எட்டு ஒரு பாடம். இங்கே அதுதான் மூலவர்.

பள்ளியை அவர் திறந்ததே அஷ்டமி அன்றைக்குத்தான். அழைத்த ஐயர் வரவில்லை. தானே தேங்காயை உடைத்து, தானே சூடம் காட்டி, தானே விழுந்து கும்பிட்டாராம். வண்டிகளும் அப்படித்தான். ஊரில் யாருடைய வண்டி எண்ணையாவது கூட்டி எட்டு வந்து, குடும்பமே முகம் வெளுத்து நின்றால், மறுநாள் அந்த வண்டி எட்டண்ணன் மைதானத்தில் நிற்கும். ஊர் ஒதுக்கிய ஐந்து வண்டிகளும் அவரிடம் ஒழுங்காக ஓடின.

முதல் நாளே என்னை வம்புக்கு இழுத்தார்.

“டீச்சர், எட்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க.”

சொன்னேன். ஒவ்வொரு விடையையும் சுண்ணாம்பால் தரையில் எழுதி, பக்கத்தில் இலக்கங்களைக் கூட்டினார். எட்டுக்கு எட்டு. பதினாறுக்கு ஏழு. இருபத்துநாலுக்கு ஆறு. முப்பத்திரண்டுக்கு ஐந்து. நாற்பதுக்கு நாலு. நாற்பத்தெட்டைக் கூட்டினால் பன்னிரண்டு, அதையும் கூட்டினால் மூன்று. அறுபத்துநாலு வந்தபோது ஒன்றில் வந்து நின்றது.

“பாத்தீகளா. வாய்ப்பாடு மேல ஏற ஏற, கூட்டுத்தொகை போடிமெட்டுல இருந்து எறங்குற ஜீப்பு மாதிரி ஒவ்வொரு வளைவா எறங்குது. எந்த நம்பருக்கு இந்த அடக்கம் வரும்?”

பதினெட்டு வருடமாக வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள், இதைக் கவனித்ததில்லை. எட்டைக் கூட்டுவது என்பது ஒன்பதைக் கூட்டி ஒன்றைக் கழிப்பது, அதனால்தான் இப்படி என்று காரணத்தை விளக்கினேன். அவர் ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டார். “காரணம் இருக்கட்டும் டீச்சர். அழகப் பாருங்க.”

அவர் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சிறு வயதில் ஏலக்காய்க் கடையில் சல்லடை பிடித்தவர். எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் மேலே நிற்கிற காய்தான் உசத்திச் சரக்கு. “சாமி ரூம்ல எட்டு ஆகாது, வண்டியில எட்டு ஆகாது. சல்லடையில மட்டும் எட்டு வேணுமாம். என்ன நியாயம் டீச்சர் இது?” என்று கேட்பார். சிலந்திக்குக் கால் எட்டு, சூரியனைச் சுற்றும் கோள் எட்டு, வேலை நேரம் எட்டு மணி என்று அடுக்குவார். நாம் இழுக்கிற மூச்சில் இருக்கும் ஆக்சிஜனின் அணு எண்ணும் எட்டுதான் என்று எங்கள் வேதியியல் டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று முழுக்க எட்டண்ணன் ஊர்க்காரர்களை நிறுத்தி, “மூச்ச இழுங்க. இழுத்தீகளா? எட்டு,” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

தோசையும் எட்டுதான். “ஒம்பதாவது ஊத்துனா தட்ட மூடிருவாரு. ஏழோட நிறுத்துனா ஏன் நிறுத்துனன்னு சண்டைக்கு வருவாரு,” என்பார் அவர் மனைவி செல்வி.

இப்படிப்பட்டவரிடம்தான் பாண்டியம்மாள் வந்து சேர்ந்தாள். சிலமலைக்காரி. நாற்பது வயதிருக்கும். கணவன் இல்லை, பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை.

“ஒரு ஜீப்புல பதினாறு பேரு நசுங்கிப் போறோம்ணே. இடுப்பு விட்டுப்போச்சு,” என்றாள்.

“பதினாறா? ரெண்டு எட்டு,” என்றார் அண்ணன், முகம் மலர்ந்து.

“ஒரு எட்டா இருந்தா நசுங்காதுண்ணே.”

அவளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்திருந்தது. மலையடிவாரத்து வீடுகளுக்குப் போய், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலை. வண்டி ஓட்டத் தெரிய வேண்டும். லைசென்ஸும் அடுத்த மாதக் கடைசிக்குள் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

நேர் சாலையில் பாண்டியம்மாள் என்னைவிட நன்றாக ஓட்டினாள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றிவிடுவாள்.

“எனக்கும் எட்டுக்கும் ஆகாதுண்ணே. சின்னப் புள்ளையிலயே ஜோசியர் சொல்லிட்டாரு. எம் புருசன் போனதும் அட்டமத்துச் சனியிலதான்.”

அண்ணன் கோபப்படவில்லை. தரையில் ‘அ’ என்று எழுதினார். “இது என்னத்தா?”

“ஆனா.”

“பழைய தமிழ்க் கணக்குல இதுதான் எட்டு. ரெண்டும் ஒரே எழுத்து. எண்பது, எண்ணூறுன்னு சொல்றம்ல? அதுல வர்ற எண்ணும் எட்டுதான். எல்லா நம்பருக்கும் பொதுப் பேரையே தமிழு இதுக்குக் குடுத்திருக்கு. ஒனக்கு ‘அ’ போடத் தெரியும்ல? அப்ப எட்டும் வரும். சக்கரத்தப் பாக்காத. போற எடத்தப் பாரு.”

மூன்று வாரத்தில் பயம் தெளிந்தது. மெதுவாக, ஆனால் கால் ஊன்றாமல் சுற்றி வந்தாள். அதோடு விட்டிருக்கலாம். அவர் தேர்வுக்கு எட்டாம் தேதியைப் பதிவு செய்தார்.

ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்துக்குத் துணைக்கு நானும் போயிருந்தேன். அவள் முகம் ஏற்கெனவே வெளிறியிருந்தது. வரிசையில் ஆறாவது ஆளாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பையன்களை அண்ணன், “நீங்க வெரசா போங்கப்பு,” என்று முன்னால் அனுப்பிவிட்டார். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். டோக்கன் வந்தது. எட்டு.

“நம்பர மாத்தித் தர மாட்டாகளாண்ணே?” என்று கேட்டாள்.

“பயப்படாத ஆத்தா. எட்டு நம்ம ஆளு.”

அவள் ஓரடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். அவர் டோக்கனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இருந்தும் பாண்டியம்மாள் அருமையாகக் கிளம்பினாள். முதல் வட்டத்தை முடித்து, எட்டின் நடுவில் கோடுகள் குறுக்கிடும் இடத்துக்கு வந்தாள். அப்போது வேலிக்கு வெளியிலிருந்து எட்டண்ணனின் குரல் மைதானத்தையே அதிரவைத்தது.

“ஆத்தா, பாதி எட்டு முடிஞ்சிருச்சு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வண்டி சாய்ந்தது. வலது கால் தரையில் பட்டது.

“அடுத்த வாரத்துக்கு மேல பதிவு பண்ணி வாங்கம்மா,” என்றார் ஆய்வாளர், நிமிராமல்.

திரும்பி வரும் பஸ்சில், எதிரே வந்த லாரிகளின் எண்களை அண்ணன் கூட்டிச் சொல்லவில்லை. அவரோடு நான் போன பயணங்களில் அது ஒன்றுதான் அமைதியாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் செல்வி எனக்கு போன் செய்தார்.

“டீச்சர், நேத்து ஆறு தோசையோட எந்திரிச்சுட்டாரு. எனக்குப் பயமா இருக்கு.”

மறுநாள் காலையில் போனேன். சுண்ணாம்பு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“நான் எட்டாம் மாசத்துல பொறந்தவன் டீச்சர். ஏழுல பொறந்தாக்கூடத் தங்கும், எட்டுல பொறந்தா தங்காதுன்னு சொல்லுவாகல்ல? எனக்கு ரெண்டு வயசு வரைக்கும் பேரே வைக்கல. போகப்போற புள்ளைக்கு எதுக்குப் பேருன்னு விட்டுட்டாக. எட்டுல வந்தது, எட்டுல வந்ததுன்னு கூப்பிட்டு, அதுவே நின்னுருச்சு.”

கவிழ்ந்து கிடந்த டப்பாவை விரலால் தட்டினார்.

“எட்ட யாராச்சும் வஞ்சா என்னைய வையிற மாதிரியே இருக்கும். அதுக்காக ஒரு பொம்பளையோட பொழப்ப வச்சு வெளாண்டுட்டேன்.”

அப்போது சாலைப் பக்கமிருந்து பாண்டியம்மாள் வந்தாள். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். டப்பாவை நிமிர்த்தி, மூட்டையிலிருந்து சுண்ணாம்பை அள்ளிப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவள் போட்ட எட்டில் ஒரு வட்டம் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், சுரைக்காய் மாதிரி வந்தது.

“என்னண்ணே உக்காந்திருக்கீக. சோலி கெடக்குல்ல?”

“ஒன்னையக் கெடுத்ததே நாந்தான ஆத்தா.”

“ஆமா, நீங்கதான். நீங்க கத்தாம இருந்திருந்தா நான் முடிச்சிருப்பேன்.” அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். “நான் கால ஊனுனது எட்டுனால இல்லண்ணே. ஒங்களால.”

அண்ணன் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

“அப்ப எட்டு மேல தப்பில்லேங்கிற?”

“எட்டு என்ன பண்ணும், பாவம்.”

பத்ம விருது வாங்கினவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சம் வந்து நான் கண்டதில்லை. தன்மீது விழுந்த குற்றத்தை ஒருவர் இவ்வளவு ஆனந்தமாக ஏற்றுக்கொண்டதையும் கண்டதில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சுரைக்காயைச் சுற்றி நடந்து பார்த்தார்.

“கொஞ்சம் கோணலா இருக்கு. இருக்கட்டும். இதுல ஓட்டிட்டா எதுலயும் ஓட்டிரலாம். வண்டிய எடு.”

பத்து நாள் அந்தக் கோணல் எட்டிலேயே ஓட்டினாள். அடுத்த தேர்வு இருபத்து மூன்றாம் தேதி, டோக்கன் எண் மூன்று. எதையும் அவர் கூட்டவில்லை, பெருக்கவில்லை. தேர்வு மைதானத்துக்குள்ளேயே வரவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது.

பாண்டியம்மாள் முதல் வட்டத்தை முடித்தாள். நடுவைத் தாண்டினாள். இரண்டாவது வட்டத்தில் எந்த அவசரமும் இல்லை. வயல் வரப்பில் நடப்பவள் போல ஓட்டி வந்து, கோட்டின் முடிவில் நிறுத்திவிட்டுத்தான் காலை ஊன்றினாள். ஆய்வாளர் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார்.

நான் சாலையைக் கடந்து போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, “டீக்காரரே, கடையில இருக்கிற எல்லாத்துக்கும் ஒரு டீ போடுங்க,” என்றார். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பாண்டியம்மாள் இப்போது மலையடிவாரம் முழுக்கச் சுற்றுகிறாள். தேவாரம் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று சேதி வந்தால் மட்டும் வண்டியைத் திருப்புவாள். அவளோடு தோட்டத்து ஜீப்பில் போன பெண்களில் ஐந்து பேர் அண்ணனிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எனக்கு மாற்றல் வந்து கிளம்பியபோது, அவருக்கு எதைக் கொடுப்பது என்று வெகு நேரம் யோசித்தேன். கடைசியில் ஒரு கணக்கைக் கொடுத்தேன். இரண்டை மூன்று முறை அடுக்கிப் பெருக்கினால் எட்டு, மூன்றை இரண்டு முறை அடுக்கிப் பெருக்கினால் ஒன்பது. ஒன்றை விட்டுவிட்டால், இப்படி ஒரே எண்ணை அடுக்கிப் பெருக்கி வருகிற எண்களில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவை எட்டும் ஒன்பதும் மட்டும்தான். எண்கள் முடிவில்லாமல் போனாலும் இன்னொரு ஜோடி கிடைக்காது. கணித அறிஞர்கள் நிரூபித்தே விட்டார்கள்.

“வேற எங்கயுமே கெடையாதா?”

“கிடையாது அண்ணே.”

“நல்லாத் தேடிப் பாத்தாகளா?”

அந்தச் சந்தேகம் அவருக்கு இன்னும் தீரவில்லை. பெரிய பெரிய எண்களாக எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் செய்வார். எல்லாம் தப்பாகப் பெருக்கியதாக இருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட நான் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. ஆனாலும் அந்த போன் வந்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, பேனாவும் தாளுமாக உட்கார்ந்துகொள்கிறேன்.