சங்கரசுப்பு அண்ணாச்சி வண்டிக்குப் புது மூக்கு

இதை எனக்கு முதலில் சொன்னது முருகம்மாள். போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, கோமதியம்மன் சன்னதியில் புற்றுமண் வாங்க நின்றபோது. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் வீடு சங்கரசுப்பு அண்ணாச்சி வீட்டுக்கு நேர் பின்னால். நடுவில் ஒரு கதவுதான். பாதி அவள் பார்த்தது, பாதி அண்ணாச்சி சம்சாரம் கோமதித்தாய் சொன்னது.

அண்ணாச்சி சங்கரன்கோவில் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் பூ ஏற்றுகிற பிக்கப் வண்டிக்காரர். ஏற்றுவது பூ, பேசுவதெல்லாம் முள். வாயைத் திறந்தால் சட்டம். அதில் பெரிய சட்டம், மகள் சண்முகப்ரியா இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது என்பது. திருவேங்கடம் ஊர்ப் பையனைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டாளே, அந்தக் குற்றம். பேத்தி பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. இவர் முகம் பார்க்கவில்லை. கோமதித்தாய் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பொண்டாட்டியை அடக்கி வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை.

ஒருநாள் ஆரியங்காவு மலை ஏற்றத்தில் வண்டி முக்கி முனகியது. பின்னால் வந்த கோழி வண்டி ஹார்ன் அடித்து முந்திப் போனது. கோழிகளெல்லாம் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்ததாம் அவருக்கு. நேரே மெக்கானிக் செல்வக்குமாரிடம் போனார்.

"வண்டிக்கு மூக்கு அடைச்சிருக்கு அண்ணாச்சி. காத்து தாராளமாப் போனாத்தான இழுக்கும்? கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழட்டிட்டு, திறந்த ஃபில்டரா ஒண்ணு மாட்டிருவோம். பறக்கும்!"

வீட்டில் சண்டைக்குத் தயாராகத்தான் பேச்சை எடுத்தார்.

"ஏட்டி, வண்டிக்குப் புது ஃபில்டர் மாட்டப் போறேன்."

"போன மாசம் சளி பிடிச்சு நான் மூச்சுவிட முடியாமக் கெடந்தேன். ஒரு தைலம் வாங்கியாரல. வண்டி மூக்குக்கு வைத்தியமோ?"

"உன் மூக்கு ஏத்தம் ஏறுதா? சும்மா கெட. மாட்டினா சிங்கம் மாதிரி உறுமும்."

கோமதித்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "சத்தம் வருமா?"

"வராம?"

"எங்கன வந்தா இங்கன கேக்கும்?"

"ரயில்வே கேட்டுல திரும்பும்போதே கேக்கும்ட்டி!"

"அப்ப மாட்டுங்க. உங்கள மாதிரி ஆளு சத்தமில்லாம வரலாமா?"

அண்ணாச்சி உச்சி குளிர்ந்துபோனார்.

மாட்டினார்கள். உறுமலா அது! தெருவில் கொடியில் காய்ந்த சேலை நடுங்கியது. அதைவிட அதிசயம், அவர் வந்து இறங்கும்போதே கோமதித்தாய் செம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றாள். தினமும்.

"பாத்தியாலே செல்வம்," என்று மெக்கானிக்கிடம் பீற்றினார். "முன்னெல்லாம் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கும். இப்ப சத்தம் கேட்டதுமே எந்திரிச்சு நிக்கா. மரியாதை!"

காற்று மட்டுமா உள்ளே போனது? நம்ம கரிசல் புழுதியும் சேர்ந்து போனது. ஒருநாள் மத்தியானம், ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. செல்வக்குமாரிடம் விட்டுவிட்டு, அண்ணாச்சி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். சத்தமில்லாமல்.

கதவு திறந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே போனார். முன்னறைப் பட்டாசாலையில் ஒரு சின்னப்பிள்ளை டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தது.

"நீ யாருட்டி?"

"ஸ்ருதி. நீ யாரு?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பிள்ளை முகத்தில் அவர் மூக்கு. அச்சு அசல். அடுப்படியில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அந்நேரம் பார்த்து, செல்வக்குமார் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, வண்டியை வீட்டில் விட வந்தவன், ரயில்வே கேட்டில் வண்டியை ஒரு முறுக்கு முறுக்கினான்.

"தாத்தா வண்டி! தாத்தா வண்டி!"

பிள்ளை டம்ளரைப் போட்டது. தன் செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியது. பழகின வேலை. பிறகு அண்ணாச்சி விரலைப் பிடித்து இழுத்தது.

"வா, ஓடு! தாத்தா ஏசுவாரு!"

"ஏட்டி, விடு..."

"பேசாத! ஒன்னையும் ஏசுவாரு!"

அந்தப் பிடியை உதற அவருக்குக் கை வரவில்லை. போனார். அடுப்படி தாண்டி, பின்வாசலுக்கு. அங்கே மகள் பையும் கையுமாகப் படியிறங்கி நின்றாள். கோமதித்தாய் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். அவரைப் பார்த்தாள். பிள்ளை பிடித்திருந்த விரலைப் பார்த்தாள்.

"செருப்பு போட்டுட்டுப் போங்க," என்றாள். "அங்கன முள்ளு கெடக்கு."

முன்வாசலில் செல்வக்குமார் கத்தினான்: "அண்ணாச்சி! சத்தம் எப்படி?"

அண்ணாச்சி முருகம்மாளின் ஆடுகளுக்கு நடுவில் வெறுங்காலோடு நின்றார். பிள்ளை வாயில் விரல் வைத்து, "உஸ்" என்றது. அவரும் மூச்சுவிடவில்லை.

மறுநாளே பழைய பெட்டியை மாட்டிவிடுவார் என்றுதான் முருகம்மாள் நினைத்தாளாம். மாட்டவில்லை. போட்ட சட்டத்தையும் எடுக்கவில்லை. இப்போது ரயில்வே கேட்டில் ஹார்னும் சேர்த்து அடிக்கிறார். அங்கிருந்து வீடு வரைக்கும் மாட்டுவண்டி மாதிரி மெதுவாக வருகிறார். பேத்திக்கு அவர் இன்னும் தாத்தா இல்லை. தாத்தாவுக்குப் பயந்து அன்றைக்குத் தன்கூட ஓடிவந்த யாரோ ஒரு ஆள்.

நீங்கள் சன்னதிக்குப் போனால், அந்த முன்வாசல் மகளுக்கும் திறக்கட்டும் என்று அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.