சுப்புராஜின் வெயில் பாய்

"என்னங்க, மறுபடியும் மேகம்!" என்று கீழேயிருந்து கத்தினாள் சௌந்தரம்.

மொட்டைமாடியில் அவள் புருஷன் சுப்புராஜ் அப்போதுதான் வெயில் பாயை விரித்து நிமிர்ந்திருந்தான். அருப்புக்கோட்டையில் மாசி வெயில் என்றால் சும்மாவா? மண்டையைப் பிளக்கும். ஆனால் ஒரு மாதமாக இவன் பாயை விரித்தால் போதும், எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து நேரே இவன் தலைக்கு மேல் நின்றுகொள்ளும்.

நிலாவுக்கு மனுசன் போய்வந்த மறுவருஷம் அது. செயற்கைக்கோளெல்லாம் வெயிலிலிருந்தே கரண்டு எடுக்கிறது என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து சுப்புராஜ் பூமியில் இல்லை. வெற்றிலை கனத்தில் செப்புத் தகடு வாங்கி, பம்ப் ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் மெல்லிசாகச் சிவப்பு ஏடு படிய வைத்தான். உப்புத்தண்ணீரில் நனைத்த துணியும் செப்பு வலையும் போர்த்தி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, கம்பி இழுத்துக் கரண்டு அளக்கும் மீட்டரில் மாட்டினான். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வெயில் பட்டால் மீட்டரில் முள் அசையவேண்டும். அவ்வளவுதான்.

கண்ணை மூடினால் கரிசல் காடு முழுக்கப் பாய்கள். திருச்சுழி பஸ் கூரையில் ஒரு பாயோடு சத்தமில்லாமல் மிதந்து போகும். சம்சாரிகள் கம்பு சோளத்துக்குப் பதிலாக வெளிச்சத்தை அறுத்து லோடு ஏற்றுவார்கள்.

எதிரே மிளகாய் வத்தல் கடை வைத்திருந்த மாமனார் தனுஷ்கோடிக்கு இந்தக் கனவெல்லாம் ஆகாது.

"மாப்ளே, வெள்ளிக்கிழமைக்குள்ள முள்ளு அசையணும். இல்லேன்னா சனிக்கிழமை நம்ம கடைக் கல்லாவுல உக்காந்திரணும்."

வத்தல் நெடி பட்டாலே சுப்புராஜுக்குத் தும்மல் நிற்காது. அன்றைக்குக் கனவில் வந்த பஸ்ஸும் தும்மியது.

வந்து நின்ற மேகத்திலிருந்து இப்போது தூறல் விழுந்தது. அவசரமாகச் சுருட்டியதில் ஏடு விரிசல் விட்டது. மங்கல் வெளிச்சத்துக்குச் சின்னப் பாய் போதாது என்று மறுநாள் பெரிசாகச் செய்து விரித்தான். பெரிய மழையாகக் கொட்டியது. தெருவில் காய்ந்த வத்தலெல்லாம் நனைந்தது.

"ஏலே சுப்புராஜு, உன் பாயில இடி விழ!" என்று பக்கத்துக் கடை ஐயாத்துரை வயிறெரிந்தார்.

தனுஷ்கோடியின் சரக்கு மட்டும் வழக்கம்போல நனையவில்லை. அந்த மனுசனுக்கு அப்படி ஒரு யோகம்.

"திருச்சுழிப் பக்கம் மூணு வருஷமா மழையே கிடையாது. அங்க மேகத்துக்கு வழி தெரியாது" என்று சௌந்தரத்திடம் சொல்லிவிட்டு வியாழக்கிழமை பஸ் ஏறினான். பொட்டல் காட்டில் பாயை விரித்துக் கொஞ்ச நேரம்தான். மேகத்துக்கு வழி நன்றாகவே தெரிந்திருந்தது. கோட்டைச்சாமி என்ற சம்சாரி நனைந்துகொண்டே ஓடிவந்து காலைப் பிடித்தார்.

"சாமி, போயிராதீக! இன்னும் ஒரு உழவு மழை!"

கோட்டைச்சாமி போட்ட மாலையோடு வீடு திரும்பிய சுப்புராஜ் அதைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, பாயைத் துடைக்க உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை மாமனாரே மாடியேறி வந்தார். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. சுப்புராஜ் பாயை விரித்தான். மாமனார் கைப்பிடிச் சுவரோரம் போய், கீழே கடை ஆள் பால்ச்சாமிக்கு ஏதோ கை காட்டினார். முள் லேசாகச் சிலிர்த்தது போலிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். அதற்குள் வெளிச்சம் மங்கி, சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. மாமனார் இறங்கிப் போனார்.

சுப்புராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க, வெயிலு எங்க போயிரப் போகுது?" என்று சௌந்தரம் தலை துவட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, சலவை வேட்டி கட்டி, மூக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான். பால்ச்சாமி வாசலை மறித்து நின்றான்.

"உங்களை உள்ள விடக்கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாக."

"ஏன்? முள்ளுதான் அசையலையே! நான் தோத்துட்டேனே!"

பால்ச்சாமி தலையைச் சொறிந்தான்.

"நல்லாருக்கே! இந்த ஒரு மாசமா நீங்க பாயை விரிக்கிறதைப் பாத்துத்தான முதலாளி வத்தலை அள்ளச் சொல்றாக. கெடு வச்சதே நீங்க விடாம விரிக்கணும்னுதான். நீங்க கல்லாவுல உக்காந்துட்டா மாடியில யாரு விரிக்கிறது?"