முனை வளையம் மாட்டிய கதை

கைவேலை தெரிந்தவன் என்று ஊரில் ஒரு பெயர் வாங்கிவிட்டால் போதும், அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். எனக்கு அந்தப் பெயர் வந்தது, ஆவூர்ப் பக்கத்து ஆதாரப் பள்ளி ஒன்றில் கைத்தொழில் ஆசிரியராகச் சேர்ந்ததால். ஐம்பதுகளின் கடைசி அது. நான் சொல்லிக்கொடுத்த கைத்தொழில் தக்ளியில் நூல் நூற்பது மட்டும்தான். (அந்த நூலும் பாதியில் அறுந்துவிடும்.) ஆனால் எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சூசை மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது.

மாமா நெடுநாள் பினாங்கில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது தூண்டில் நரம்பு சுற்றும் பித்தளைச் சக்கரம் ஒன்றும், ஒரு தகர டப்பா நிறைய வளையங்களும் கொண்டு வந்திருந்தார். நம் ஊர்த் தூண்டில் என்றால் கம்பின் நுனியில் நரம்பைக் கட்டினால் வேலை முடிந்தது. அந்த ஊர்த் தூண்டிலில் நரம்பு சக்கரத்தில் புறப்பட்டு, கம்பு நெடுகக் கட்டிய வளையங்களுக்குள் ஓடி, நுனியில் இருக்கும் முனை வளையத்தின் வழியாகத்தான் தண்ணீருக்குப் போகும். முனை வளையத்துக்கு அடியில் மேலும் கீழும் திறந்த சின்னப் பித்தளைக் குழல் ஒன்று உண்டு. அதைக் கம்பின் நுனியில் தொப்பி மாதிரி செருக வேண்டும்.

“நீங்கதான் கைத்தொழில் வாத்தியாராச்சே. ஒரு மூங்கில்ல இதெல்லாம் கட்டிக் குடுங்க மாப்பிள்ள” என்றார் மாமா. மாப்பிள்ளை என்று அவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கப்பலே கட்டச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

டப்பாவில் முனை வளையங்கள் பல அளவில் கிடந்தன. மூங்கில் நுனி எவ்வளவு தடிமனோ அதற்குப் பொருந்தும் குழலாகப் பார்த்து எடுத்து, அரக்கை உருக்கி ஒட்ட வேண்டும். மாமா இதைத் தெளிவாகத்தான் சொன்னார். நான் அவர் மகள் பிலோமி தண்ணீர்ச் செம்போடு வெளியே வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும், இருப்பதிலேயே பெரிய, பளபளப்பான வளையத்தை எடுத்தேன். அது மூங்கில் நுனியில் லொடலொடவென்று ஆடியது. வேறு யாராக இருந்தாலும் அதை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்திருப்பார்கள். நான் அரிவாளை எடுத்தேன். நுனியில் ஒரு சாண் வெட்டிவிட்டால் தடித்த இடம் வந்துவிடுமே. வந்தது. வளையமும் கச்சிதமாக உட்கார்ந்தது. வெட்டிய இடத்தில் மூங்கில் உள்ளே வெறும் கூடாக இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் சாயங்காலம், கம்பைப் பார்க்க நானும் மாமாவும் கண்மாய்க்குப் போனோம். கண்மாய்க் கரையை ஒட்டித்தான் கல்லறைத் தோட்டம். முந்தின நாள் ஏற்றிய மெழுகுவர்த்திகள் சிலுவைகளின் காலடியில் உருகி உறைந்திருந்தன. மழை விட்டுப்போய், வாடைக்காற்று மட்டும் தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது. கரையில் எங்களைத் தவிர ஒரு கொக்குகூட இல்லை.

மாமா கம்பைத் தூக்கினார். எங்கள் தலைக்கு மேலே யாரோ வாய் திறக்காமல் முனகினார்கள்.

பெண் குரல். வேலை செய்துகொண்டே தனக்குள் பாடுகிறவளின் குரல். மாமா கம்பைத் தாழ்த்தினார், நின்றது. தூக்கினார், மறுபடி வந்தது. இந்தத் தடவை ஏறி, இறங்கி, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பின்னால் முதல் வரிசையில்தான் மாமாவின் மனைவி அன்னம்மாளை அடக்கம் செய்திருந்தார்கள்.

மாமாவின் முகம் வெளுத்திருந்தது. “மாப்பிள்ள, ஒங்களுக்கு ஏதும் கேக்குதா?”

கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். பேய்க்குப் பயப்படுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அந்த நேரத்தில் ஒரு கணக்கு ஓடியது. “ஒண்ணும் கேக்கலயே மாமா” என்றேன். (பற்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்தன.)

“கேக்கலயா. அப்ப எனக்கு மட்டுந்தான்.” கம்பை மெதுவாகத் தரையில் வைத்தார். “அன்னம்மா மாவாட்டுறப்ப இப்புடித்தான் முனங்குவா.”

கம்பைத் தாழ்த்திப் பிடித்தபடியே வீட்டுப் படல்வரை நடந்தார். படலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சாமியார்ட்ட கல்யாணத்துக்குப் பேர் குடுக்கறத நிறுத்திருவோம். நீங்க பக்கத்துல நிக்கிறப்ப அவ இப்புடி வந்து முனங்குறான்னா அவளுக்குப் பிடிக்கலன்னுதானே அர்த்தம். கொஞ்ச நாளைக்கி இங்கிட்டு வராதீங்க.”

உயிரோடு இருக்கிற மாமியார் வேண்டாம் என்றால் நாலு பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கலாம். இறந்துபோன மாமியாரிடம் யாரைத் தூது விடுவது? அந்த வாரம் முழுவதும் அன்னம்மாளின் ஆத்துமத்துக்காகச் செபமாலை சொன்னேன். அவர் இளைப்பாறுவதற்காக இல்லை, மனது மாறுவதற்காக. பிலோமி எனக்கு இல்லை என்று நினைத்தபோதெல்லாம் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பிலோமி பக்கத்தில் வந்து, “அப்பா இருக்குறப்பவே வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். வாசலில் வைக்கோல் போரில் தூண்டில் கம்பு சாய்ந்திருந்தது. அதன் எதிரே மாமா நாற்காலி போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பட்டப்பகலில் அந்த முனகல் வாசல் முழுக்க நிறைந்திருந்தது. கோழிகள்கூடத் தள்ளியே மேய்ந்தன. நான் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

பிலோமி உள்ளிருந்து வந்து கம்பைச் சரித்தாள். முனை வளையத்தின் குழலை விரலால் பொத்தினாள். முனகல் நின்றது. காற்றுக்கு நேராகக் காட்டி விரலை எடுத்தாள். வந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

“இத மாட்டுனது யாரு?”

மாமா கண்ணைத் திறந்து, கம்பை வாங்கி, குழலுக்குள் உற்றுப் பார்த்தார். “நுனிய வெட்டுனீங்களா?”

“ஆமா மாமா. ஒரு சாண்.”

“வளையம் பெருசுன்னா வளையத்த மாத்தணும். கம்ப வெட்டுவாங்களா?”

 மாமா கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: “அன்னைக்கி ஒங்களுக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மாமா.”

“அப்பறம் ஏன் இல்லன்னீங்க?”

“பயந்தாங்கொள்ளின்னு பொண்ணு குடுக்காமப் போயிருவீங்களோன்னு.”

பிலோமி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு வைக்கோல் போருக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. மாமா சிரிக்கவில்லை.

“எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு இத்தன நாளா நான் பயந்துபோய்க் கெடந்தேன்” என்றார். “ரெண்டு பேருக்கும் கேட்டுச்சுன்னா சரிதான். நாளைக்கிச் சாமியாரப் பாத்துடறேன்.”

சந்தோஷத்தில் எனக்கு வாய் அவிழ்ந்துகொண்டது. வேறு மூங்கிலில் சரியான வளையமாகக் கட்டித் தருகிறேன், இந்த ஓட்டையை இப்போதே மெழுகு வைத்து அடைத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கம்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். “அடைக்க வேணாம். இது இப்புடியே இருக்கட்டும்.”

தை மாதம் கல்யாணம். மாமா அந்தக் கம்பைப் பந்தலின் வடக்குக் காலில், நுனி கூரைக்கு மேலே தெரியும்படி கட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. முதல் பந்தி பாதியில் இருக்கும்போது மேகம் மூடிக்கொண்டு காற்று எழுந்தது. பந்தலின் தலைமேல் அன்னம்மாள் முனக ஆரம்பித்தார்.

இலையில் இருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. அன்னம்மாளோடு பழகியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மாமாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி, “அண்ணே, அது என்ன சத்தம்?” என்று கேட்டாள்.

மாமா பாயச வாளியோடு போய்க்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: “பிலோமியோட ஆத்தா. மக கல்யாணத்துக்கு வராம இருப்பாளா?”

பந்தி மொத்தமாக எழுந்துவிட்டது. குழம்புக் கையோடு பஸ் ரோடு வரைக்கும் போனவர்கள் உண்டு. இரண்டாம் பந்திக்கு ஆளே வரவில்லை. என் மனைவி மட்டும் இடத்தைவிட்டு அசையாமல், அந்தச் சத்தம் ஓயும்வரை கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நானும் எழுந்திருக்கவில்லை. (எழுந்திருக்கக் கால் வரவில்லை.) நாங்கள் இரண்டு பேரும் மாமாவும் சேர்ந்து எவ்வளவு பாயசம்தான் குடிப்பது?

இன்றைக்கும் எங்கள் உறவில் எந்த விசேஷத்திலாவது சாப்பாடு அண்டா அண்டாவாக மிஞ்சினால், யாராவது ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “அன்னம்மா வந்துட்டுப் போயிருக்கா.”